கதவு இரண்டு, கூடம் ஒன்று

மறுபடியும் வேகம்தான் ஜெயித்தது.

திரையில் 'வேகம் வென்றது' என்ற எழுத்துகள் பச்சையாக மின்னின. மணி அடித்தது. வலப்பக்கக் கதவு 'டப்'பென்று பிடியை விட்டுத் திறந்துகொண்டது. சோதனைக்காக உள்ளே நின்றிருந்த அருங்காட்சியக ஊழியர்கள் கைதட்டிக்கொண்டே அதன் வழியாக வெளியே போய், மணல் குவியலில் கால் புதைந்து நின்றார்கள்.

"எதுக்குங்க கைதட்றீங்க?" என்று பட்டன்காரர் கத்தினார்.

"ஜெயிச்சிட்டோம்ல!" என்றார் சீட்டுக் கொடுக்கும் அம்மாள், செருப்பிலிருந்து மணலைத் தட்டியபடி.

பட்டன்காரர் என்பது அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அருங்காட்சியகத்தில் எதைக் கொடுத்தாலும் அதில் ஒரு பொத்தானை வைத்துவிடுவார் என்பதால் ஊழியர்கள் வைத்தது. பழைய தந்திக் கருவிக்குப் பொத்தான் வைத்தார், சரி. கற்கால மனிதனின் பொம்மைக்கும் ஒன்று வைத்தார். அமுக்கினால் அவன் உறுமுவான். பார்க்க வருபவர்கள் கற்காலத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ளாமல், மணிக்கணக்காக அவனை உறுமவைத்துவிட்டு மகிழ்ச்சியாக வீடு திரும்பினார்கள். அந்த வெற்றியைப் பார்த்துத்தான், 'தொழில்நுட்பமும் மக்களாட்சியும்' என்ற புதிய காட்சிப் பிரிவை வடிவமைக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பிரிவின் நுழைவாயில்தான் இந்த வட்ட அறை. பெயர், முடிவறை.

முடிவறை எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து விளங்காது.

அறையைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் சிறு மேடைகள். ஒரு மேடைக்கு ஓர் ஆள். ஒவ்வொரு மேடையிலும் இரண்டு பொத்தான்கள். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: 'புதிய தொழில்நுட்பம் ஒன்று வருகிறது. அதை ஏற்பதற்கு நமக்கு முதலில் வேண்டியது எது?' ஒரு பொத்தானில் 'வேகம்' என்றும் மற்றதில் 'விவாதம்' என்றும் எழுதியிருக்கும். எல்லா வேகப் பொத்தான்களின் கம்பிகளும் ஒரு சிவப்புக் கம்பியில் சேர்கின்றன. எல்லா விவாதப் பொத்தான்களின் கம்பிகளும் ஒரு நீலக் கம்பியில் சேர்கின்றன. இரண்டும் பின்னால் உள்ள சிறு அறையில் ஒரு பெட்டிக்குள் போகின்றன. பெட்டி எண்ணுகிறது. மணி அடித்ததும் முடிவைத் திரையில் காட்டி, வென்றது எதுவோ அதற்கான கதவைத் திறக்கிறது.

கதவுகளுக்குப் பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. நிலையின் மேல்பகுதியில் ஒரு மின்காந்தம். மின்சாரம் ஓடும்வரை அது கதவைக் கவ்விக்கொண்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்தினால் பிடி தளரும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் சுருள் கதவைத் தள்ளிவிடும். ஆக, ஒரு கதவைத் திறக்கப் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை, பிடித்துக்கொண்டிருப்பதை விட்டால் போதும். பட்டன்காரர் இதை நினைத்து நினைத்துப் பூரித்திருக்கிறார்.

விவாதம் வென்றால் இடக்கதவு. அதற்கு அப்பால் விவாதக் கூடம். வேகம் வென்றால் வலக்கதவு. அதற்கு அப்பால் வேகக் கூடம்.

விவாதக் கூடம் குறித்த நாளுக்கு முன்பே தயாராகிவிட்டது. வேகக் கூடம்தான் தாமதமாகிவிட்டது.

கூரைகூடப் போடவில்லை. அங்கே இருந்தவை மணல், சிமெண்டு மூட்டைகள், புதிய கழிப்பறைகளுக்காக வந்து இறங்கி வரிசையாக வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக் கோப்பைகள். இவைதாம்.

நாளை மறுநாள் திறப்பு விழா. அமைச்சர் வருகிறார்.

"அமைச்சர் முடிவறைக்குள்ள போவார். கூட வர்றவங்களோட சேர்ந்து ஓட்டுப் போடுவார். எல்லாருமா சேர்ந்து முடிவு பண்ணின கதவு வழியா வெளிய வருவார். அழைப்பிதழ்ல அப்படித்தான் அச்சடிச்சிருக்கு" என்றார் இயக்குநர் அம்மாள். "மேடை, ரிப்பன், கேமரா எல்லாம் விவாதக் கூடத்துல. அவர் அந்த வழியா வந்தார்னா உங்க வேலை நிரந்தரம். இந்த வழியா வந்தார்னா..."

அவர் கழிப்பறைக் கோப்பைகளைப் பார்த்தார். வாக்கியத்தை முடிக்கவில்லை.

பட்டன்காரர் மனதுக்குள் முடித்துக்கொண்டார். அந்தக் கோப்பைகள் அவருடைய மனைவியின் அண்ணன் கடையிலிருந்து வந்தவை. அருங்காட்சியக வேலை தற்காலிகமானது என்று தெரிந்த நாளிலிருந்து, மைத்துனர் தன் கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலியை ஒதுக்கி வைத்திருந்தார். சொல்லி வைத்தாற்போல் அப்போதே கைப்பேசி அடித்தது.

"மாப்ள, நாற்காலியத் தொடச்சு வச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?"

"மச்சான், எனக்கு இங்க வேலை இருக்கு."

"இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் மாப்ள. யாரு வேணாம்னா? உங்களுக்குப் பட்டன்தான் பிடிக்கும்னா நம்ம கடையிலயும் உண்டு. அமுக்கினா தண்ணி வரும்."

பட்டன்காரர் இணைப்பைத் துண்டித்தார்.

"மேடம், அன்னைக்கு மட்டும் மின்சாரத்த மொத்தமா நிறுத்திட்டா?"

"ரெண்டு கதவும் திறந்துக்கும். அதுக்குப் பேரு ஜனநாயகம் இல்ல, காத்தோட்டம்."

"வலது கதவ மட்டும் ஆணி அடிச்சுட்டா?"

"வேகம் ஜெயிச்சா அமைச்சர் உள்ளயே நிப்பார். அதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

பெட்டிக்குள் இருக்கும் நிரலை மாற்றலாமென்றால், அதை எழுதிய இளைஞர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். கடவுச்சொல்லையும் கூடவே கொண்டுபோய்விட்டார்.

"எப்படியோ பாத்துக்குங்க. ஆனா ஒண்ணு" என்று இயக்குநர் விரலை உயர்த்தினார். "மக்கள் தீர்ப்புல கை வைக்கக் கூடாது. இது மக்களாட்சி பத்தின கண்காட்சி."

"சேச்சே" என்றார் பட்டன்காரர்.

தீர்ப்பில் கை வைக்கக் கூடாது. ஆனால் தீர்ப்புக் கொடுக்கும் கையை மெல்லத் திருப்பிவிடலாம் அல்லவா? காட்சி வடிவமைப்பு என்பதே அந்த வித்தைதான். மனிதன் பெரியதைத் தொடுவான், கடினமானதை விட்டுவிடுவான், முன்னால் போகிறவன் பின்னாலேயே போவான். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் உண்டு. பட்டன்காரர் படித்திருந்தார். ஊழியர்கள்தான் படிக்கவில்லை.

முதலில் விவாதப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய பொத்தான்களைப் பொருத்தினார். ஊழியர்கள் உள்ளே போனார்கள். மணி அடித்தது. வேகம் வென்றது, முன்பைவிட அதிக வித்தியாசத்தில்.

"பெரிய பட்டன் இருந்துச்சே, பாக்கலையா?" என்று சீட்டு அம்மாளிடம் கேட்டார்.

"பாத்தேன் சார். அவ்ளோ பெருசா இருந்தா எதையோ நம்ம தலையில கட்டப் பாக்கறாங்கன்னு அர்த்தம். நான் தொடுவேனா?"

சரி, கடினமானதை விட்டுவிடுவான் என்பது இரண்டாவது விதி. வேகப் பொத்தான்களுக்கு அடியில் இருந்த சுருளை எடுத்துவிட்டு, மிகவும் விறைப்பான சுருளைப் போட்டார். மெல்ல அமுக்கினால் நகராது. அலுத்துப்போய் விவாதத்துக்குப் போய்விடுவார்கள் என்பது கணக்கு.

யாரும் அலுத்துப்போகவில்லை. அமுங்கவில்லை என்றதும் கோபம் வந்தது. கட்டைவிரலால் அழுத்தினார்கள், முஷ்டியால் குத்தினார்கள், கணக்குப் பிரிவு குமாஸ்தா முழங்கையால் இடித்தார். ஒவ்வொரு குத்தையும் பெட்டி ஒரு வாக்காக எண்ணியது. கடைசியில் அறைக்குள் இருந்த ஆட்களைவிட விழுந்த வாக்குகள் பல மடங்கு கூடுதலாக இருந்தன.

"இது ரொம்பத் தத்ரூபமா இருக்கு" என்றார் குமாஸ்தா முழங்கையைத் தேய்த்துக்கொண்டே.

பட்டன்காரர் பழைய சுருள்களையே திரும்பப் போட்டார். கையோடு, ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு என்று மேடையிலேயே ஒரு தடுப்பையும் பொருத்தினார். அடுத்து மூன்றாவது விதி, முன்னால் போகிறவன் பின்னாலேயே போவான். ஊழியர்கள் வருவதற்கு முன்பே இவர் தனியாக உள்ளே போய், ஆள் நிற்காத சில மேடைகளில் மட்டும் விவாதத்துக்கு வாக்குகளைப் போட்டுவைத்தார். திரையில் விவாதம் முன்னணியில் நின்றது. வேகத்துக்கு வெறும் பூச்சியம்.

ஊழியர்கள் வந்தார்கள், திரையைப் பார்த்தார்கள். "ஐயோ பாவம்" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். வேகம் அடித்துப் பிடித்து வந்து ஜெயித்துவிட்டது. தோற்கப் போனதைத் தூக்கிவிட்ட திருப்தியில் எல்லோரும் மணலில் இறங்கி ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் எப்போதும் விவாதத்துக்கே வாக்களித்துவந்தார். அவர் காவலாளி. பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் கற்கால மனிதனுக்கு அருகே நிற்பவர். விவாதம் என்ற சொல்லைப் பார்த்தாலே அவர் முகம் மலரும்.

அன்று மாலை வீட்டில், பட்டன்காரர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விவாதம்னு எழுதிப் போட்டா யாருங்க அமுக்குவா? சண்டை மாதிரி இருக்கு. நீங்களும் நானும் பேசாத பேச்சா? கடைசியில சோபா நீங்க சொன்ன இடத்துலதான் கிடக்கு."

"உன்னைக் கேட்டுத்தானே போட்டேன்?"

"போட்டுட்டுத்தான் கேட்டீங்க."

பட்டன்காரர் சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "சரி, என்ன பண்ணலாம் சொல்லு."

"கொஞ்சம் இதமா எழுதுங்க. 'எல்லாரும் உக்காந்து பேசி முடிவெடுப்போம்', அந்த மாதிரி. நாளைக்கு என்ன ஆனாலும் அண்ணன் கடைக்கு மட்டும் போயிடாதீங்க. அவன் ஒவ்வொரு பண்டிகைக்கும் வந்து சொல்லிக்காட்டியே என்னைக் கொன்னுடுவான்."

மறுநாள் காலை விவாதப் பொத்தான்களில் புதிய எழுத்துகளை ஒட்டினார்: 'உட்கார்ந்து பேசுவோம்'. ஊழியர்கள் உள்ளே போனார்கள். படித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மீட்டிங்கா? மறுபடியுமா?" என்றார் குமாஸ்தா.

ஒரு வாக்குகூடப் பிசகாமல் எல்லாம் வேகத்துக்கு விழுந்தன. காவலாளியும் அதற்கே போட்டிருந்தார்.

"நீங்களுமா?" என்றார் பட்டன்காரர்.

"மன்னிச்சுக்குங்க சார். மீட்டிங் போட்டா நாற்காலி எல்லாம் நான்தான் தூக்கணும்."

பட்டன்காரர் புதிய எழுத்துகளைப் பிய்த்துவிட்டுப் பழையவற்றையே ஒட்டினார். பிறகு நேராகப் பெட்டி இருந்த சிறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே மின்பணியாளர் ஏணியில் நின்று ஒரு விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பெட்டிக்குள்ள போற சிவப்பு வயரையும் நீல வயரையும் இடம் மாத்தி மாட்டினா என்ன ஆகும்?"

"வேகத்த அமுக்கினா விவாதம்னு எண்ணும். விவாதத்த அமுக்கினா வேகம்னு எண்ணும்."

"எவ்ளோ வேலை?"

"ரெண்டு ஸ்க்ரூ சார்."

பட்டன்காரர் ஒரு நிமிடம் யோசித்தார். கூட்டத்தில் யார் எதை அமுக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. முடிவு வேறாக வந்தால் ஒவ்வொருவனும் மற்றவர்கள்தாம் முட்டாள்கள் என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டுவான். பெட்டியை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள். எவ்வளவு சுலபம்! எவ்வளவு அழகு! அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"மாத்திடுங்கண்ணே. ஏன்னு கேக்காதீங்க."

"நான் எதையும் கேக்கறதில்ல சார். கேட்டா சொல்லுவாங்க. சொன்னா எனக்கும் தெரிஞ்சிடும்."

மாற்றி முடித்ததும் பட்டன்காரர் தனியாகப் போய் வேகத்தை அமுக்கிப் பார்த்தார். 'விவாதம் வென்றது' என்றது திரை. இடக்கதவு திறந்தது. எதிரே ரிப்பனும் மேடையும் அவருக்காகவே காத்திருப்பதுபோல் தெரிந்தன.

பிற்பகலில் அமைச்சரின் உதவியாளர் இடத்தைப் பார்வையிட வந்தார். எப்போதும் கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் செருகியிருப்பவர்.

"அமைச்சர் எந்தக் கதவு வழியா வருவார்?"

"மக்கள் முடிவு பண்ற கதவு வழியாங்க" என்றார் பட்டன்காரர்.

"ரொம்ப நல்லது. அமைச்சர் எந்தக் கதவு வழியா வருவார்?"

"இடது கதவுங்க. வந்துடுவார். நூத்துக்கு நூறு."

உதவியாளர் வலக்கதவின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். கோப்பைகள் தெரிந்தன. அவர் முகம் கோணியது. "இந்த வயரிங் எல்லாம் பாத்துக்கறவர் யாரு? எங்க அவரு?"

"டீ குடிக்கப் போயிருக்கார். ஏங்க?"

"சும்மாதான்" என்றார் உதவியாளர்.

மாலை கிளம்பும்போது, சிறு அறைப் பக்கமிருந்து இயக்குநர் அம்மாள் கைகளைத் துடைத்தபடி வந்தார். "தூசி கீசி இருக்கான்னு பாத்தேன்" என்றார், யாரும் கேட்காமலேயே. பிறகு, "எனக்கென்னமோ இப்ப பயமே இல்ல. ஜனங்க மேல நம்பிக்கை வந்துடுச்சு" என்றார்.

"எனக்கும் மேடம்" என்றார் பட்டன்காரர்.

மறுநாள் அமைச்சர் வந்தார். அடுத்தவர் வாக்கியத்தை முடிக்க அவர் விட்டதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. அப்படிப்பட்டவர் வேகத்தைத்தான் அமுக்குவார் என்பதில் பட்டன்காரருக்குக் கடுகளவும் ஐயமில்லை. அமைச்சருடன் வந்தவர்கள் ஆளுக்கொரு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லார் விரல்களும் காற்றில் தொங்கின, எல்லார் கண்களும் அமைச்சரின் ஒரே விரலில் இருந்தன.

பட்டன்காரர் கணக்கில் எடுக்க மறந்த ஒன்று அறைக்குள் இருந்தது. கேமரா.

அமைச்சர் கேள்வியைப் படித்தார். கேமராவைப் பார்த்தார். புன்னகைத்தார். விரலை விவாதத்தின் மேல் கொண்டுபோனார்.

பட்டன்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். கம்பிகள் மாறிக் கிடக்கின்றன. அமைச்சர் விவாதத்தை அமுக்கினால் கூட வந்த அத்தனை பேரும் விவாதத்தையே அமுக்குவார்கள். பெட்டி அத்தனையையும் வேகம் என்று எண்ணும். கூட்டம் கலந்து வாக்களித்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லோரும் ஒன்றையே அமுக்கினால்தான் திருட்டு அப்பட்டமாகத் தெரியும். அதற்குப் பிறகு வலக்கதவு. அதற்குப் பிறகு மச்சானின் கோப்பைகள். அதற்குப் பிறகு மச்சானின் நாற்காலி.

"ஐயா..." என்று அவர் பாய்ந்தார். "வேகமும் நல்ல பட்டன்தாங்கய்யா."

"என்னது?"

"ஆமாங்கய்யா" என்று மறுபக்கமிருந்து இயக்குநர் அம்மாளின் குரல் நடுங்கியது. "இந்தக் காலத்துல வேகம் ரொம்ப முக்கியம். ஒரு தடவ யோசிச்சுப் பாருங்கய்யா."

பட்டன்காரர் நன்றியோடு அவரைப் பார்த்தார். அந்த அம்மாளுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று மட்டும் புரியவில்லை.

அமைச்சரின் புன்னகை மறைந்தது. "விவாதம்னு நான் முடிவு பண்ணிட்டேன். இதுக்கு மேல இதப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

அமுக்கினார். அறை முழுவதும் 'டக் டக்'கென்று விரல்கள் இறங்கின. மணி அடித்தது. பட்டன்காரர் கண்களை மூடிக்கொண்டார். இருட்டில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் மச்சான் நின்று கையசைத்தார்.

டப்.

கைதட்டல். படபடவென்று கேமரா ஒளி. பட்டன்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். 'விவாதம் வென்றது' என்று திரை மின்னிக்கொண்டிருந்தது. இடக்கதவு அகலமாகத் திறந்திருந்தது. அமைச்சர் ரிப்பனை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"நாம எத அமுக்கினோமோ அதுவே வந்துச்சு!" என்று மேடையில் அமைச்சர் முழங்கினார். "ஒரு குளறுபடி கிடையாது, ஒரு தில்லுமுல்லு கிடையாது. இத உருவாக்கினவங்களோட நேர்மைக்கு வேற என்ன சாட்சி வேணும்?"

இயக்குநர் அம்மாள் தலைகுனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டார். பட்டன்காரரும் தலைகுனிந்தார். அந்த மேடையிலேயே அவர் வேலை நிரந்தரமானது. கைப்பேசியில் மைத்துனரின் செய்தி வந்திருந்தது: 'டிவியில பாத்தேன் மாப்ள. நாற்காலிக்கு உறை போட்டுட்டேன்.'

கூட்டம் கலைந்ததும் பட்டன்காரர் சிறு அறைக்கு ஓடினார். மின்பணியாளர் அமைதியாகக் கம்பிச் சுருளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நேத்து நான் சொன்னபடி நீங்க வயர மாத்தினீங்கதானே? நானே அமுக்கிப் பாத்தேனே! அப்புறம் எப்படி எல்லாம் நேர்மையா நடந்துச்சு?"

"மாத்தினேன் சார். சாயங்காலம் மேடம் வந்து, ஏன்னு கேக்காம ரெண்டு வயரையும் இடம் மாத்துன்னாங்க, திரும்ப மாத்தினேன். நடுவுல அமைச்சரோட ஆளும் அதே வேலைக்குத்தான் என்னைத் தேடினாராம். நல்லவேளை, நான் டீ குடிக்கப் போயிட்டேன்."